சிட்டுக்குக் காய்ச்சல்

மணலூர்பேட்டை கால்நடை மருந்தகத்தில், மாடுகளுக்கு நடுவே ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு நின்றிருந்தார் வீரமுத்து. பைக்குள்ளிருந்து ஒரு பூனைத் தலை எட்டிப் பார்த்தது.

சினை ஊசி போட மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்களெல்லாம் வாய்விட்டே சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மனைவி அமிர்தம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கென்று இருக்கும் ஒரே உயிர் சிட்டுதான். அதற்கும் ஒன்று ஆகிவிட்டால் மனுஷன் யாரோடு பேசுவது?

டாக்டர் நிர்மலா பூனையை மேசையில் வாங்கி வைத்ததுமே, வீரமுத்து ஒரே மூச்சில் ஒப்பித்தார். ராத்திரி வைக்கிற மீனை வழித்துத் தின்கிறது. விடிந்தால் பாலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காது கொதிக்கிறது. பொழுதுக்கும் சுருண்டு படுத்துத் தூங்குகிறது.

காய்ச்சல் கண்ட பூனை ஆள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளுமாமே, இன்று காலை அதுவும் ஆகிவிட்டது. வைக்கோல் போரெல்லாம் தேடி அலுத்துப்போனார். மதியத்துக்கு மேல்தான் தானாக வந்து நின்றது.

டாக்டர் வாலைத் தூக்கி தெர்மாமீட்டரை வைத்தார். சிட்டு முறைத்ததென்னவோ வீரமுத்துவைத்தான்.

நூற்றொன்றரை. நமக்குத்தான் அது காய்ச்சல், பூனைக்கு எப்போதும் இருக்கிற சூடே அதுதான், காதைத் தொட்டுப் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்றார் டாக்டர். வீரமுத்துவுக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு ஊசியாவது போட்டு அனுப்பக் கூடாதா?

டாக்டர் சிட்டுவின் பாதி கறுத்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“வயிறு நெறைஞ்சுதான் இருக்கு. காலையில பக்கத்து வூட்ல எங்கனா சாப்பிடுதா?”

பக்கத்து வீடு அண்ணன் வேடியப்பனுடையது. அவரும் தனிக்கட்டைதான். கிணற்று மோட்டாரை யார் முதலில் போடுவது என்று ஆரம்பித்த சண்டையில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. அமிர்தத்தின் பாடைக்குத் தோள் கொடுக்க வந்தபோதுகூட அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. இவரும் திறக்கவில்லை, அது வேறு விஷயம்.

“பக்கத்து வூட்ல ஆளே இல்லீங்க” என்றார் வீரமுத்து.

டாக்டர் பூனையைத் தூக்கிக் கட்டைப்பைக்குள் விட்டார்.

“காலையில இதே பூனைய உரச்சாக்குல போட்டுக்கினு ஒரு பெரியவர் வந்தாரு. ராத்திரியானா சோத்தத் தொட மாட்டேங்குது, காய்ச்சலாத்தான் இருக்கும்னாரு. அவரையும் பக்கத்து வூட்டப் பத்திக் கேட்டேன். அவரும் இதையேதான் சொன்னாரு.”