கோட்டுக்கு மேல் ஒரு விரல்

டர்போ வைத்த அவன் காருக்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து குடிக்கக் கொடுக்க வேண்டும். டிக்கியில் இருக்கும் சின்னத் தொட்டியிலிருந்து அது எஞ்சினுக்குள் சாரலாகப் போய்ச் சூட்டைத் தணிக்கும். தொட்டி வற்றியது தெரியாமல் அழுத்தி மிதித்தால் பிஸ்டன் உருகிவிடும். அந்தத் தொட்டியை மாட்டிக் கொடுத்தது அவன் மச்சான்தான், மனைவியின் அண்ணன். இதுவரைதான் ஊற்ற வேண்டும் என்று தொட்டியில் கறுப்புக் கோடு போட்டதும் அவரேதான். ஆனால் ஞாயிறுதோறும் வந்து ஊற்றும்போது அவர் கை கோட்டில் நின்றதே இல்லை. ஒரு விரல் கூடுதலாக ஊற்றி, டிக்கி விரிப்பை நனைத்துவிட்டுச் சிரிப்பார்.

மச்சான் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அதன் பிறகு அவன் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. வாரம் முழுக்கத் தொட்டியில் தண்ணீர் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் கோட்டுக்கு மேல் ஒரு விரல் நிறைந்திருந்தது, விரிப்பு நனைந்திருந்தது. டிக்கி பூட்டியபடி இருந்தது. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. மனைவியிடம் அவன் மூச்சு விடவில்லை.

போன சனிக்கிழமை தொட்டியைக் கழற்றி அலமாரியில் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் காலை காய்கறிப் பையை வைக்க மனைவி டிக்கியைத் திறந்தாள். உள்ளே தரை முழுக்கத் தண்ணீர் நின்றது. மெத்தனால் வாடை மூக்கில் ஏறியது. தொட்டி இருந்த வெற்றிடத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"என்னங்க நீங்க, மொதல்ல அந்தத் தொட்டிய மாட்டுங்க. பாவம், அண்ணன் வேற எதுலதான் ஊத்துவாரு?"