நான்காவது சுவிட்ச்

சாவியைத் திருப்பியும் கார் கிளம்பவில்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்ததோடு சரி.

“என்ன, விளையாடறியா?” என்றான் பக்கத்து சீட்டில் இருந்தவன். மடித்த செய்தித்தாளுக்கு அடியிலிருந்த கத்திமுனை லிஃப்ட் மெக்கானிக்கின் விலாவில் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் மருந்துக்கடை வாசலில் கதவைத் திறந்துகொண்டு ஏறியிருந்தான். மடியில் தோல்பை, சட்டைக் கையில் ரத்தம். இருமல் மருந்து வாங்கிக்கொண்டு மெக்கானிக்கும் அவருடைய ஐந்து வயது மகளும் அப்போதுதான் காருக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“புது வண்டின்னா எங்க போகுதுன்னு போன்லயே பார்த்துடுவாங்க. எனக்கு இந்த மாதிரி கிழட்டு வண்டிதான் வேணும். ஓட்டு!”

“கிழட்டு வண்டிங்கறதுதாங்க தொல்லை. ஆணியை விட்டுத் திருப்பினாக்கூட எவனாவது கிளப்பிட்டுப் போயிடுவான். அதனால நானே உள்ளுக்குள்ள நாலு சுவிட்ச் ஒளிச்சு வெச்சிருக்கேன். நாலும் விழுந்தாத்தான் ஸ்டார்ட் ஆகும்.”

அவர் சட்டைப் பையில் செருகியிருந்த டெஸ்டரையும், நகக்கண்ணில் ஏறியிருந்த கிரீஸையும் அவன் பார்த்தான். நம்பத்தான் தோன்றியது.

“சரி, போட்டுத் தொலை.”

“அப்பா, இந்த மாமா யாரு?” என்றாள் பின் சீட்டிலிருந்து பாப்பா.

“நம்மகூட வர்றாரும்மா. நீ பேசாம உட்காரு.”

நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் அலறுகிறவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய குரல் அது. ஆனால் அதெல்லாம் வெளியே நின்று பேசியது. இன்று உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது அவரும், அவருடைய ஒரே மகளும். வண்டி கிளம்பிவிட்டால் அவள் கதி என்ன?

ஹெட்லைட்டை இரண்டு முறை போட்டு அணைத்தார். “இது ஒண்ணு.” வைப்பரை ஓடவிட்டார். காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சென்று தேய்ந்தது. “ரெண்டு.”

அப்போது பாப்பா முன் சீட்டுகளுக்கு நடுவே எட்டி, டேஷ்போர்டில் வரிசையாக இருந்த கறுப்புக் குமிழ்களை நோக்கிக் கையை நீட்டினாள்.

“குமிழ்ல கை வைக்காதே!”

அவர் போட்ட அதட்டலில் அவனே ஒரு கணம் திடுக்கிட்டான். அப்பா அதட்டி அறியாத பாப்பாவுக்கு உதடு பிதுங்கிவிட்டது.

“குழந்தைமேல எதுக்குய்யா எரிஞ்சு விழறே? மூணாவது எங்க?”

“பின் சீட்டுக்கு அடியில. சீட்டுல வெயிட் இருந்தா கரண்ட் வராது. பாப்பாவை இறக்கணும்.”

“அவ எங்கயும் போகக் கூடாது.”

“சரிங்க, உட்காரட்டும். வண்டியும் இங்கயே நிக்கட்டும்.”

எங்கோ சைரன் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு இறங்கியது.

“முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு! இறக்கு சீக்கிரம்.”

“பாப்பா, கடைக்கார அக்காகிட்ட போய் நில்லு. அப்பா கூப்பிடற வரைக்கும் வரக் கூடாது.”

பாப்பா ‘உம்’மென்று இறங்கிக் கடைக்குள் போனாள். மெக்கானிக் அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

“நாலாவது?”

“பானெட்டுக்குள்ள. அதுக்கு ரெண்டு ஆள் வேணும். நான் அங்க அழுத்திப் பிடிப்பேன், நீங்க இந்தப் பக்கம் வந்து கிளட்சை மிதிச்சுக்கிட்டு சாவியைத் திருப்பணும்.”

“இறங்கி ஓடிடலாம்னு பாக்கறியா?”

“சாவி உங்க கையில, வண்டி உங்க கையில. நாப்பது வருஷத்து வண்டிங்க இது, விட்டுட்டு நான் எங்க போவேன்?”

சைரன் இப்போது தெரு முனையில் கேட்டது. அவனுக்கும் வேறு வழி இல்லை. “ஏதாவது தில்லுமுல்லு பண்ணினே, தொலைச்சுடுவேன்” என்றபடி கத்தியை விலக்கினான்.

மெக்கானிக் இறங்கினார். அவன் ஓட்டுநர் சீட்டுக்கு நகர்ந்ததும், முன்பக்கம் போய் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். உள்ளேயிருந்தவனுக்குக் கண்ணாடி முழுக்க இப்போது பச்சைத் தகரம்தான் தெரிந்தது.

“அழுத்திட்டியா?” என்று கத்தினான்.

“அழுத்திட்டேன். திருப்புங்க!”

திருப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் திருப்பினான்.

“டேய்! சரியா அழுத்துடா!”

பதில் இல்லை. ஐந்தாவது முறை திருப்பியபோது கதவை வெளியிலிருந்து திறந்தது ஒரு காக்கிச் சட்டைக் கை.

மருந்துக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே தரையில் உட்கார்ந்து மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார் மெக்கானிக். கடைக்காரப் பெண் நீட்டிய தண்ணீரை வாங்கக்கூடக் கை வரவில்லை. வாய்விட்டு அழுதார்.

பாப்பா மட்டும் கோபம் தீராமல் அவர் பிடியிலிருந்து திமிறினாள்.

“போப்பா! தினமும் நான்தானே அந்தக் கறுப்புக் குமிழை இழுத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணுவேன்... இன்னிக்கு மட்டும் ஏன் விடல?”