கீறல் விழாத வண்டி

"இங்க கையெழுத்து சார்," என்று பூஜா தாள்களை வண்டியின் பானட் மேல் விரித்து வைத்தாள்.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துப் போக ஷோரூமிலிருந்து வந்திருக்கும் பெண். நான் அரை மணி நேரமாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக நிற்கிறேன்.

பதினாலு வருஷத்து வண்டி. இரண்டு லிட்டர் டர்போ. மிதித்தால் ஏழு செகண்டில் நூறைத் தொடும். தி.நகர் ஜவுளிக்கடையில் வாரம் பூராவும் சேலையைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஈ.சி.ஆரில் இது ஒன்றுதான் சந்தோஷம்.

அதெல்லாம் போன வருஷம் வரைக்கும்.

பூஜா மீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தையும் பார்த்தாள். "ஒரு வருஷமா ஓடவே இல்லையே சார். ஆக்சிடென்ட் ஏதாவது?"

"இந்த வண்டி யாரையும் தொட்டதில்லைம்மா."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அவள் குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தாள். பார்க்கட்டும். போலீஸே தடவிப் பார்த்த பம்பர்தான்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், விடிவதற்கு முன்னால், எங்கள் தெருமுனையில் ராபர்ட் பைக்கோடு விழுந்து செத்தான். குப்பத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயசு. கடலுக்குப் போகிற அவசரம். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் ஜான்சியின் ஒரே மகன்.

தெருவில் எல்லாருக்கும் முதலில் என் மேல்தான் சந்தேகம். பறக்கிற வண்டி வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தானே. போலீஸ் வந்து பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. ராத்திரி முழுக்க வண்டி வாசலை விட்டு நகரவே இல்லை என்று எதிர்வீட்டு கேமராவும் சொன்னது. வேகமாக வந்து தானாக விழுந்தான் என்று எழுதி முடித்தார்கள்.

அன்றிலிருந்து நான் இதை எடுக்கவில்லை. சாவி ஆணியிலேயே தொங்குகிறது. ஏன் என்று என் மனைவி லாவண்யாவிடம்கூடச் சொன்னதில்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு சோறு தின்கிறவன் நான்.

அவளானால் ஒரு வருஷமாக ஒரே பல்லவி. இதைத் தள்ளிவிடுங்கள், சத்தமில்லாத பேட்டரி வண்டி வாங்கலாம் என்று. புக் பண்ணியது அவள். நாளை மறுநாள் விஜயதசமிக்கு டெலிவரி என்று நாள் குறித்ததும் அவள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். இந்த இரும்பு வாசலை விட்டுப் போனால் சொல்ல முடியாத அதுவும் கூடவே போய்விடும் என்று ஒரு நப்பாசை.

ஆதம்பாக்கம் மெக்கானிக் வேம்பு காலையில் போனில் அழாத குறை. இப்படி ஒரு இன்ஜின் இனிமேல் வராதுண்ணே, வைத்துக்கொள்ளுங்கள் என்றான். வைத்துக்கொண்டால் தினமும் இதன் முகத்தில் முழிக்க வேண்டும். கொடுத்தால் தப்பித்து ஓடின மாதிரி ஆகும். எதைச் செய்தாலும் நான் நானாகத்தான் இருப்பேன் என்பது வேறு விஷயம்.

கேட் திறந்தது. ஜான்சி.

புரட்டாசியில் எங்கள் தெருவில் யாரும் மீன் வாங்க மாட்டார்கள். அந்த ஒரு மாசம் ஜான்சி அதே கூடையில் எலுமிச்சம்பழமும் மாவிலையும் திருஷ்டிப் பூசணிக்காயும் கொண்டுவருவாள். கழுத்தில் சிலுவை தொங்கும். மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்பாள்.

லாவண்யா வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். ஜான்சி இருப்பதிலேயே பெரிய காயாக எடுத்து என் கையில் வைத்தாள்.

"புது வண்டிக்கா சாரு? ரோட்ல போட்டு ஒடைக்காத. வெட்டி ஓரமா வெச்சிடு. எல்லார்கிட்டயும் சொல்லிக்கினுதான் கீறேன். என் புள்ள ஸ்பீடா போயி வுயுந்தான்னாங்க. ஆஸ்பத்திரில குட்த்த சட்டைய நான்தான் தொவச்சேன். சட்ட பூரா பூசணி வெத."

அவள் அழவில்லை. அழுது முடித்த முகம்.

"பாவம், ஒடைச்சவனுக்கு இன்னா தெரியும்," என்றாள்.

காய் கனத்தது. போன வருஷமும் இவளிடம்தான் வாங்கினேன். இந்த வண்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றி, தெருமுனைக்குக் கொண்டுபோய் முச்சந்தி நடுவில் போட்டு உடைத்தேன். மற்றவர்கள் எல்லாம் தங்கள் வாசலோடு முடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் முச்சந்திதான் வேண்டியிருந்தது. நன்றாகச் சிதறினால்தான் கண்ணேறு கழியும் என்று பெரிய துண்டைக் காலால் வேறு மிதித்துவிட்டேன். லாவண்யா கற்பூரத் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள். ஓரமாகத் தள்ள எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இப்போது வாயைத் திறந்தேன். சொல்லிவிடத்தான் திறந்தேன், சத்தியமாக.

"இவரு எப்பவும் கேட்டுக்கு உள்ளதான் உடைப்பாரு ஜான்சி," என்றாள் லாவண்யா.

குரலில் ஒரு பிசிறு இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. இந்தப் பதிலை அவள் ஒரு வருஷமாகத் தயாராக வைத்திருந்திருக்கிறாள்.

"தெரியாதாம்மா? சாரு அப்பிடிப்பட்ட ஆளு இல்ல," என்று ஜான்சி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

நான் கையெழுத்துப் போட வேண்டுமே. லாவண்யா பூசணிக்காயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

போட்டேன்.