புல்வெளியில் ஒரு வழுக்கை

"நடுவுல கொஞ்சம் வழி விட்டுட்டுப் புல்லு வைங்கக்கா. எதுக்குச் சொல்றேன்னா..."

"எல்லாம் எனக்குத் தெரியும் குணமதி. நீ போய் உன் வேலையைப் பாரு."

பக்கத்து வீட்டுக் குணமதி முகம் சுண்டிப் போய் வேலியை விட்டு நகர்ந்தாள். அனந்தவல்லி உள்ளே வந்து கணவர் பாலசந்திரனிடம் பொரிந்து தள்ளினாள்.

"கேட்டீங்களா? அவ வூட்டு லான்ல கேட்டுலேர்ந்து வாசப்படி வரைக்கும் நடுவுல வழுக்கையாக் கெடக்குது. அங்க புல்லு மொளைக்கல. நம்மளுதும் அப்பிடியே இருக்கணுமாம்!"

"நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கும். புல்லு குடுத்ததே அந்தப் பொண்ணுதானே?"

அதுதான் அனந்தவல்லிக்கு இன்னும் எரிந்தது.

"தெருவுல மொத டி.வி. அவளுக்கு. மொத லான் அவளுக்கு. போன வாட்டி முனிவர் வந்தப்போ ஆகாரம் எடுத்துக்கினதும் அவ வூட்லதான். நான் அவரைக் கூப்புடக் கலசத்தைப் புடிச்சிக்கினு வாசல்ல நின்னதுதான் மிச்சம். இந்த வாட்டி அவரு நம்ம வூட்டுக்குள்ள வரணும். அவ நின்னு பார்க்கணும்!"

பங்குனியில் முனிவர் திண்டிவனத்துக்கு வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. தெருவில் எல்லாமே சமணக் குடும்பங்கள். ஆனால் முனிவர் ஒரு நாளைக்கு ஒரு வீட்டில், ஒரே ஒரு வேளைதான் சாப்பிடுவார். அந்தப் பாக்கியம் யாருக்கு என்பதில்தான் அத்தனை பேருக்கும் ஆசை.

அனந்தவல்லி வீட்டு மண்ணோ ஒரு சாண் தோண்டினால் பாறை. கிணற்றில் உப்புத் தண்ணீர். இரண்டு தரம் வைத்த புல்லும் கருகிப் போனது. கூலிக்கு வந்த பெரியசாமியை விட்டுக் கடப்பாரையால் பாறையைப் பெயர்த்தாள். பெருமுக்கல் பக்கமிருந்து மாட்டு வண்டியில் ஏரி வண்டல் வந்தது. உரமாக மல்லாட்டைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினாள். தினமும் கணவரையும் சேர்த்துக்கொண்டு தெருக்குழாயிலிருந்து இருபது குடம் தண்ணீர் சுமந்தாள்.

"பத்து குடம் நீ, பத்து குடம் நானா? இடுப்பு போச்சு வல்லி" என்று பாலசந்திரன் புலம்பியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மூன்றாம் தரம் புல் பிடித்தது. கேட்டிலிருந்து வாசற்படி வரை, இந்த வேலியிலிருந்து அந்த வேலி வரை, விரல் வைக்க இடமில்லாமல் ஒரே பச்சை. வேண்டுமென்றே குணமதி காதில் விழும்படி, "எங்க லான்ல வழுக்கையே கெடையாது" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள்.

அந்த நாளும் வந்தது. காலை ஒன்பதரை மணி. தெருவில் மற்ற வீடுகளைப் போலவே இந்த இரண்டு வாசலிலும் கலசத்தோடு நின்றார்கள்.

"நமோஸ்து! நமோஸ்து!" என்று வணங்கி அழைத்ததில் அனந்தவல்லியின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

கையில் மயிற்பீலியோடு, தரையைப் பார்த்தபடியே நடந்து வந்த முனிவர் அவள் வீட்டு கேட்டுக்கு நேராக வந்து நின்றார். அனந்தவல்லிக்குக் கண்ணில் நீர் முட்டியது. குணமதி பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

முனிவர் வாசற்படி வரை தரையை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பினார். குணமதி வீட்டு வழுக்கையில் அடிமேல் அடி வைத்து உள்ளே போனார்.

"ஏங்க, அவரு ஏன் நம்ம வூட்டுக்கு வரல?" அனந்தவல்லி கணவரின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"குணமதி சொன்னது இப்பத்தான் புரியுது வல்லி. பச்சைப் புல்லுலயும் உசிரு இருக்குதே. முனிவரு அதை எப்பிடி மிதிப்பாரு?"

கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைப் பத்து வருஷமாக நடத்தி வருபவளே அனந்தவல்லிதான்.