கழுதையின் கனம்

"கலந்து போடு. எத்தனைன்னு சொல்லாத."

சொல்லிவிட்டு அப்பா ஆரின், மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

டெல்லா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கழுதை கிடந்தது.

அந்தப் பெரிய ரிவால்வருக்கு வீட்டில் அதுதான் பெயர். சுட்டால் உதைக்கும். கரடி வந்தால் ஆகும் என்று வாங்கியது. இத்தனை வருஷத்தில் அது ஒரு கரடியையும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் இந்தக் கல்குழியில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்த பால் கேன்களைத்தான்.

அவளுடைய கோட்டின் இடது பையில் தோட்டாக்கள். வலது பையில் சுட்டுத் தீர்ந்த வெறும் பித்தளைக் கூடுகள்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இது. ஒருவர் நிரப்ப, இன்னொருவர் சுட வேண்டும். சிலிண்டரின் ஆறு அறைகளில் எதில் தோட்டா, எதில் வெறுங்கூடு என்பது நிரப்பியவருக்கு மட்டும்தான் தெரியும். வெறுங்கூட்டின் மேல் துப்பாக்கியின் சுத்தி விழுந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் குழலின் மூக்கு தாழ்ந்தால், உதைக்குப் பயந்த கை என்று அர்த்தம்.

தோற்றவர் பிளாஸ்கின் அடியில் தங்கிய ஆறின காப்பியைக் குடிக்க வேண்டும். டெல்லா குடித்த காப்பிக்குக் கணக்கில்லை.

பன்னிரண்டு வயதில் ஒருநாள், கழுதையைக் கையில் வாங்கியதுமே கேட்டாள்: "என்னப்பா, இன்னைக்கு லேசா இருக்கு?"

ஆரின் குழி அதிரச் சிரித்தார்.

"போச்சுடா! கைக்குத் தராசு முளைச்சிடுச்சு. அஞ்சு வெத்துக்கூடு வெச்சேன், கண்டுபிடிச்சிட்டியே. இனிமே உன்னை ஏமாத்த முடியாதுடி."

அன்றிலிருந்து ஆறில் இரண்டுக்கு மேல் வெறுங்கூடு கிடையாது என்று வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு சூட்டுக்கும் எதிர்மலை பதில் சொல்லும். அந்த மலையில் இன்னொரு அப்பாவும் இன்னொரு கழுதையும் இருப்பதாக அவள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள். சூடு ஆறாத கூடுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டால், கோழியின் அடியிலிருந்து அப்போதுதான் எடுத்த முட்டை போல இருக்கும்.

இப்போது வலது பையில் தொட்ட கூடுகள் ஜில்லென்றிருந்தன.

ஆரினுக்கு இடது கண் மர ஆலையில் வேலை பார்த்தபோதே போய்விட்டது. இருந்த ஒரு கண்ணிலும் போன மாதம் விழித்திரை கிழிந்தது. மிஸூலா நகரத்து ஆஸ்பத்திரியில் ஒட்டிவைத்து அனுப்பினார்கள். குனியாதே, கனம் தூக்காதே, துப்பாக்கி பக்கமே போகாதே என்றார் டாக்டர். மறுபடி கிழிந்தால் ஒட்டவைக்க முடியாதாம்.

கழுதையின் ஒரே ஒரு உதை போதும்.

வரும் வழியெல்லாம் அவள் வண்டியை ஓட்டிக்கொண்டே கெஞ்சினாள். "வேணாம்ப்பா. சொன்னாக் கேளுப்பா."

"பொறந்ததிலேர்ந்து நீ வேணாம் வேணாம்னுதான் சொல்லிட்டிருக்க. ஒரே ஒரு சுத்து. அப்புறம் பெட்டியில வெச்சுப் பூட்டிடறேன். உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத."

அவள் நிரப்ப மறுத்தால் அவரே நிரப்பிக்கொள்வார். ஆறிலும் தோட்டாவாகத்தான் இருக்கும்.

டெல்லா இடது பைக்குள் கையை விட்டுத் தோட்டாக்களை நன்றாகக் குலுக்கினாள். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும்.

பிறகு வலது பையிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டாள். இன்னொன்று. இன்னொன்று. ஒரு கூடு நழுவிச் சரளையில் விழப் பார்த்தது. முழங்காலை இடுக்கிப் பிடித்தாள்.

ஆறும் வெறுங்கூடு.

சிலிண்டரை மூடி அவரிடம் நீட்டினாள். திறந்து பார்த்துவிடுவாரோ என்று அவர் விரல்களையே பார்த்தாள்.

ஆரின் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார்.

"காதை மூடிக்கோ, டெல்லா. அந்த மலை இன்னும் தூங்குது. எழுப்பப் போறேன்."

அவரும் காதுமூடியை மாட்டிக்கொண்டார். காலை அகட்டி நின்றார். பழையபடி தோளைத் தாழ்த்தி, இரண்டு கையாலும் பிடித்து, சுத்தியை இழுத்தார்.

டிக்.

"எடுத்த எடுப்புலயே வெத்தா? கெட்டிக்காரி."

டிக்.

மூன்றாவதும் டிக் என்றதும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விதியை மீறியாயிற்று. இப்போது திரும்புவார். இப்போது கத்துவார்.

அவர் நான்காவதுக்குச் சுத்தியை இழுத்தார். அவசரமே படவில்லை. மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, பிறகுதான் விசையைத் தொட்டார். ஐந்தாவதும் அப்படியே. ஆறாவதுக்கு இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

குழல் மயிரிழை அசையவில்லை. மலை ஒன்றும் சொல்லவில்லை. பால் கேன்கள் நிறைந்த தண்ணீரோடு வெயிலில் நின்றன.

ஆரின் காதுமூடியைக் கழற்றினார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"பார்த்தியா? ஆறுலயும் மூக்கு தாழல."

"ஆமாப்பா."

"அப்போ அடிக்காப்பி உனக்குத்தான். பெட்டியில வெச்சுப் பூட்டிட்டு வா."

ரிவால்வரை அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தார். வண்டிக் கதவின் பிடியைக் கையால் தடவித் தேடினார்.

டெல்லா கழுதையோடு அங்கேயே நின்றாள்.

நிரப்பும்போது இருந்த பயத்தில் அவள் கை எதையும் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தது. எத்தனை லேசு! பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொட்டாலே தெரிந்துவிடும் லேசு.

காதை மூடிக்கோ என்று அவர் சொன்னது, அதைக் கையில் வாங்கின பிறகுதான்.