பூண்டு மணக்கும் தோட்டா

பிஸ்டலிலிருந்து துள்ளி விழுந்த தோட்டாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள் சுசித்ரா. சந்தேகமே இல்லை, பூண்டு வாடை.

விசையை அழுத்தியதும் ‘டிக்’கென்று சத்தம் மட்டும் வந்தது, தோட்டா வெடிக்கவில்லை. இந்த வாரம் முழுக்க இதே கதைதான். கோச் தண்டாயுதபாணியோ ஒவ்வொரு முறையும் அவள் கையையே உற்றுப் பார்த்துவிட்டு, “ம்ம்... மறுபடி போம்மா” என்கிறார். ராணுவத்தில் இருந்து வந்த மனுஷனுக்கு ஒரு தோட்டா ஏன் வெடிக்கவில்லை என்று கேட்கக்கூடத் தோன்றாதா?

அட்டுவம்பட்டியைத் தாண்டி, மலைச்சரிவை வெட்டி அமைத்த துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நடந்துகொண்டிருந்தது பிஸ்டல் போட்டிக்கான மேல்நிலைப் பயிற்சி. நின்ற இடத்தில் நின்று சுடுகிற சங்கதி இல்லை. ஓட வேண்டும், மரத் தடுப்புகளில் உள்ள ஜன்னல்கள் வழியாகக் குறி பார்க்க வேண்டும், தோட்டா தீர்ந்ததும் ஓடிக்கொண்டே தோட்டாக் கூடான மேகஸினை மாற்ற வேண்டும். பயிற்சி முடிகிற நாளில் ஒரே ஒருவரை மாநிலப் போட்டிக்குத் தேர்ந்தெடுப்பார்கள்.

அந்த ஒருவர் தான்தான் என்று நாயுடுபுரத்திலுள்ள தன் சாக்லேட் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சுசித்ரா சொல்லியாகிவிட்டது. தம்பி பிரசாந்த் ஃப்ளெக்ஸ் பேனருக்கு டிசைனே போட்டுவிட்டான். இனிப் போகவில்லையென்றால் கடையைத் திறந்து உட்கார முடியாது.

அவளுக்குச் சரிக்குச் சமமாகச் சுட்டது மகாதேவி மட்டும்தான். கல்லூரி என்.சி.சி.யில் துப்பாக்கி பிடிக்கப் பழகியவள். மேல்மலையில் பூண்டு விவசாயம் செய்யும் குடும்பம். வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. அப்படிப்பட்டவர்களைத்தான் நம்பக்கூடாது என்பது சுசித்ராவின் கட்சி.

கடைசி நாள். மகாதேவி வெள்ளனே வந்து கோச்சிடம் ஒரு கைப்பிடிப் பூண்டை நீட்டினாள்.

“நம்ம தோட்டத்துப் பூண்டுங்க சார். சுட்டுத் தின்னா வாய்வு அண்டாது.”

“வாரா வாரம் கொண்டாந்துர்றியேம்மா!” கோச் சிரித்துக்கொண்டே அதை ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

லஞ்சம், அதுவும் பூண்டில்! சுசித்ரா பல்லைக் கடித்தாள்.

வழக்கம்போல ஒவ்வொருவரும் தங்கள் மேகஸினில் தோட்டா நிரப்பி, மேஜையிலிருந்த தங்கள் தட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு களத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்று விரலைத் துப்பாக்கியாக நீட்டி ஒத்திகை பார்ப்பது இந்த விளையாட்டின் முறை.

பாதி ஒத்திகையில் சுசித்ரா திரும்பிப் பார்த்தாள். மகாதேவி மேஜையருகே நின்றிருந்தாள். அவளுடைய கை சுசித்ராவின் சிவப்புத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கோச்சோ பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட்டுக் களவாணிகள்!

விறுவிறுவென்று மேஜைக்கு வந்தாள். “அங்க என்ன சோலி உனக்கு?”

“தண்ணி குடிக்க வந்தேன்க்கா.”

“குடி, குடி. நல்லாக் குடி.”

“பனி எறங்கப் போகுது, வெரசா ஆரம்பிப்போம்” என்று கோச் குறி பார்த்துச் சுட வேண்டிய காகித அட்டைகளைச் சரிபார்க்க எழுந்து போனார். மகாதேவியும் பின்னாலேயே போய்விட்டாள். சுசித்ரா சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் மேகஸினை எடுத்து மகாதேவியின் நீலத் தட்டில் வைத்தாள். அவளுடையதைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டாள். போட்டதை அவளே வாங்கிக்கொள்ளட்டும்.

முதலில் சுசித்ரா. டைமர் அலறியதும் பாய்ந்தாள். ஒரு தோட்டாகூட ஏமாற்றவில்லை. இந்த வாரத்திலேயே அவளுடைய சிறந்த நேரம் அதுதான்.

அடுத்து மகாதேவி. முதல் ஜன்னல், இரண்டாவது ஜன்னல் தாண்டி மூன்றாவதற்கு வந்தாள்.

‘டிக்.’

சுசித்ராவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் மகாதேவியின் பிஸ்டல் முனை ஆணி அடித்ததுபோல அப்படியே நின்றது. வெடிக்காத தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மீதியையும் சுட்டு முடித்தாள். சுசித்ராவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் நேரம் எடுத்திருந்தாள்.

கோச் டைமரைப் பார்க்கவே இல்லை. மகாதேவியின் கையைப் பார்த்தார். கீழே கிடந்த தோட்டாவைப் பார்த்தார். அப்புறம் சுசித்ராவைப் பார்த்தார்.

“போட்டிக்கு மகாதேவி போகட்டும்.”

“அநியாயம் சார்!” சுசித்ரா கத்தியேவிட்டாள். “என்னோட டைம்தானே கம்மி? இந்த வாரம் பூரா என் மேகஸின்ல வெடிக்காத தோட்டாவைப் போட்டதே இவதான். மோந்து பாருங்க, பூண்டு நாத்தம்! அதான் இன்னைக்கு ரெண்டையும் மாத்தி வெச்சேன்.”

மகாதேவி ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

“மாத்தி வெச்சியா?” என்றபடி கோச் ஜாக்கெட் பைக்குள் கையை விட்டார். விரித்த உள்ளங்கையில் நாலைந்து பூண்டுப் பற்கள் இருந்தன. கூடவே, பூண்டுத் தோல் ஒட்டிய இரண்டு தோட்டாக்கள்.

“இது டம்மிம்மா, உள்ள மருந்து கெடையாது. வெடிக்கப்போகுதுங்கற பயத்துல கை எறங்குதான்னு இதுலதான் தெரியும். முன்கூட்டிச் சொன்னா உஷாராயிருவீங்க. உனக்கு எறங்குது, இன்னைக்காவது நிக்குதான்னு பாக்கத்தான் போட்டேன். அவளுக்கு எறங்கவே இல்ல.”

சுசித்ரா அதில் ஒரு தோட்டாவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். “இத்தன பேர் இருக்கோம்... எனக்கு மட்டும் ஏன் சார் போட்டீங்க?”

“போட்டிக்கு அனுப்பணும்னு நான் நெனச்சு வெச்ச ஆளுக்கு மட்டுந்தான்மா போடுவேன்.”