சுவரைத் தொட்ட தலை

நாற்பது வருடம் தையல் மெஷினுக்குத் தலைவணங்கியே கேள்விக்குறியாக வளைந்துபோன தையற்காரர், பிசியோதெரபி அறையில் வெயில் விழும் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கிறார். பின்னந்தலை சுவரைத் தொட்டால்தான் மறுபடி மெஷினில் உட்கார அனுமதி. ஆறு வாரமாகத் தாடையை உள்ளிழுத்தும் ரப்பர் பட்டையை இழுத்தும், பிறந்ததிலிருந்து முகம் பார்க்காத தோள்பட்டைகள் இரண்டையும் பின்னால் சந்திக்க வைத்திருக்கிறார். சிகிச்சை தரும் பெண் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகுகிறாள். போன வாரம் அது நழுவிக் கீழே விழுந்தது. "இழுத்துப் பாருங்கம்மா," என்கிறாள், கூட வந்திருக்கும் அவர் மனைவியிடம். மனைவி இழுக்கிறாள். காகிதம் கிழிகிறதே தவிர வரவில்லை. "இந்த மண்டைக்கனம் இன்னைக்குத்தான் உபயோகப்பட்டிருக்கு," என்கிறாள் மனைவி. தையற்காரரோ நிமிர்ந்த தலையோடு எதிரே நிற்கும் சிகிச்சைப் பெண்ணை வியப்பாகப் பார்க்கிறார். "ஏம்மா, நீ கண்ணாடி போட்ட பொண்ணா? இத்தனை நாளா உன் செருப்பைத்தானே எனக்குத் தெரியும்."